பக்கவாட்டுத் தையல்

மார்ச் 3

மருமகளுக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்ல, யாராவது ஒருத்தர் பட்டென்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, முன்னே பின்னே இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். கிழிப்பதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

நேற்று உன் அண்ணன் பேசினார். நீ கார் வாங்கப் போகிறாயாம். அதுவும் மான்தலைக் கார். முகப்பில் வெள்ளியில் ஒரு மான்தலையை வைத்துக்கொண்டு குள்ளமாகப் போகுமே, அதுதானே? பணக்காரர்களுக்குப் பெரிய பெரிய கார் செய்கிற கம்பெனி, சின்னதாக ஒன்று செய்து அதற்கும் அந்தத் தலையைக் குத்தி அனுப்பியிருக்கிறது. அந்த விலைக்கு மற்ற கம்பெனிச் சின்னக் கார் இரண்டு வரும் என்று எங்கள் கடைக்கு வருகிறவர்களே சொல்வார்கள். அவன் போனபின் ஆபீஸில் கொடுத்த பணம் மொத்தமும் இதற்குத்தான் போகிறது என்று அண்ணன் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அது என் பிள்ளையின் உயிருக்கு வந்த பணம். குட்டி படிக்க வேண்டும். அண்ணன் வீட்டு மாடி அறையில் நீங்கள் இரண்டு பேரும் எத்தனை நாள் இருப்பீர்கள்? அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், அண்ணி சொல்லும் நாள் வரும். யானையை வாங்கிக் கட்டிவிட்டுத் தீனிக்கு அலைகிற கதை ஆகிவிடக் கூடாது.

நான் இருபது வருஷமாகக் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். வெளியே எவ்வளவு மினுக்கினாலும் என் கைக்கு வருவது அதன் வயிறுதான். மான்தலை என்று மயங்காதே. உள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே பஞ்சு.

அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் சொன்ன வார்த்தையை நீ இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். வயிறு எரிகிறவள் வாயில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? அதற்காகப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதே.

மதியம் ஒரு மணிக்கு அவன் போன் வரும். "சாப்டியாம்மா?" அவ்வளவுதான் கேட்பான். இப்போதும் ஒரு மணிக்கு என் கால் தானாக மிஷினை நிறுத்திவிடுகிறது. கட்டிங் மாஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

குட்டியைக் கேட்டதாகச் சொல்.

அத்தை


மார்ச் 9

அத்தைக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நீங்கள் சொன்ன வார்த்தையை வார்த்தை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். முழுதாக நான் எழுதுகிறேன். "இவளைக் கூப்பிடப் போய்த்தானே எம்புள்ள போனான். பஸ்ஸில வந்திருந்தா என்ன, கால் தேஞ்சா போயிருக்கும்?" வீடு நிறைய ஆள் இருந்தார்கள். குட்டி என் மடியில் இருந்தாள். ஏழு மாதம் ஆகிறது. பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் என் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. டயாலிசிஸுக்கு முதல் ஆள் ஆறரைக்குப் படுக்கைக்கு வந்துவிடுவார், அதற்குள் மிஷினைக் கழுவித் தயார் செய்ய வேண்டும். குட்டியை அந்நேரத்தில் ஒரு பஸ்ஸில் தூக்கிப் போய்க் காப்பகத்தில் விட்டு, இன்னொரு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கார் ஆடம்பரத்துக்கு இல்லை.

கண்ணை மூடிக்கொண்டும் வாங்கவில்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறது. டிக்கியில் ஒரு பெட்டி வைத்தால் இன்னொன்றைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். மேடு பள்ளத்தில் முதுகுக்குத் தெரிகிறது. சர்வீஸ் செலவைக் கேட்டபோது நானே எழுந்து வந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் வருகிறது பாருங்கள், பெட்டகம் மூடுவது போல. மோதிப் பார்த்துப் போடுகிற மதிப்பெண்ணில் அதுதான் முதலில் வந்திருக்கிறது.

அவர் வாங்கியது விலை குறைந்த கார். ஏர்பேக் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். லாரி வந்து கதவில் இடித்த அன்று ஒன்றுகூட வரவில்லை. காவல் நிலையத்து வளாகத்தில் அந்தக் காரை நிறுத்தியிருந்தபோது நீங்களும்தானே பார்த்தீர்கள்? அவர் பக்கம் ஒரு துண்டுத் துணிகூட வெளியே வரவில்லை. மலிவு வண்டி வாங்கினோம், அதன் பலன். என் பெண்ணை இன்னொரு மலிவு வண்டியில் உட்கார வைக்க மாட்டேன். அந்தப் பணம் அவர் உயிருக்கு வந்தது என்றால், இன்னொரு உயிருக்குத்தான் போக வேண்டும்.

குட்டிக்கு இரண்டாவது பல் விழுந்தது.


மார்ச் 16

மருமகளுக்கு,

பல் விழுந்ததை எழுதினாய், நல்லது.

நீ சொன்னதை நான் ஒதுக்கவில்லை. பார்க்காமல் பேசக் கூடாது என்று காத்திருந்தேன். புதன்கிழமை ஒரு மான்தலைக் கார் எங்கள் கடைக்கே வந்தது. பல் டாக்டரம்மா ஒருவருடையது, வாங்கி மூன்று மாதம். முன்சீட்டு இரண்டுக்கும் உறை கேட்டார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை, அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் சீட்டைத் துடைக்கிற சாக்கில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன்.

கேள். சீட்டின் இரும்புக் கூட்டில் ஒரு முத்திரை அடித்திருக்கிறது. அதை எங்கே பார்த்திருக்கிறேன் தெரியுமா? அவன் காரில். அதே கூடு, அதே முத்திரை, அதே கம்பிக் கொக்கி. மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைதாம்மா. அண்ணனை மட்டும் சட்டை போட்டு மேடையில ஏத்திட்டாங்க" என்றார். அந்தக் கம்பெனிதான் இதையும் செய்கிறதாம், பெயர்தான் வேறு. பஞ்சு கொஞ்சம் கெட்டி, மேலே போட்ட தோல் நல்ல தோல். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் தையலைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சாய்மானத்தின் வெளி ஓரத்தில், கதவுப் பக்கம், மேலிருந்து கீழே ஒரு தையல் ஓடுகிறது. தலையணை உறைக்குக்கூட நான் அந்த நூல் போட மாட்டேன். நகத்தால் நெம்பினேன், நாலு தையல் பிரிந்துவிட்டது. இவ்வளவு விலைக்கு இந்த நூலா? ஓரத்தில் ஒரு சின்னத் துணிச் சீட்டு வேறு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சட்டைக் கழுத்தில் வைப்பார்களே, அந்த மாதிரி. பார்க்க அசிங்கமாக இருந்தது, நறுக்கினேன். பாவம் டாக்டரம்மா என்று அந்த ஓரத்தை நானே நைலான் நூலில் மூன்று ஓட்டம் போட்டுக் கெட்டி பண்ணி, அதற்கு மேல் உறையையும் இழுத்துத் தைத்தேன். காசு கேட்கவில்லை.

நம் காருக்கு நான் தைத்துக் கொடுத்த உறையை நினைத்துப் பார். அந்த ஓரத்தை அவன் காரிலும் அப்படித்தான் மூன்று ஓட்டம் போட்டேன். நீ சொன்ன அந்த வளாகத்தில் நானும் பார்த்தேன். கதவு உள்ளே போயிருந்தது, கண்ணாடி இல்லை, கூரை நெளிந்திருந்தது. என் தையல் ஒன்றுகூட விடவில்லை. அதைத் தொட்டுக்கொண்டுதான் அன்றைக்கு நின்றேன். நீ என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பாய்.

மான்தலைக்குக் கொடுக்கிற காசு அந்தத் தலைக்குத்தான். யோசி.

அத்தை


மார்ச் 22

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். எழுதியதை அங்கே இருக்கிற விற்பனையாளரிடம் வாசித்துக் காட்டினேன். ஒரே கூடு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் தையலைப் பற்றிய பகுதி வந்ததும் அவர் முகம் மாறியது. மறுபடி வாசிக்கச் சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஏர்பேக் ஸ்டியரிங்கில் மட்டும் இல்லை. சீட்டின் சாய்மானத்துக்குள்ளும், கதவுப் பக்கம், ஒன்று மடித்து வைத்திருக்கிறது. பக்கவாட்டில் ஏதாவது வந்து இடித்தால் அது கண்ணிமைக்கிற நேரத்தில் ஊதி, சீட்டைக் கிழித்துக்கொண்டு கதவுக்கும் ஆளுக்கும் நடுவே வர வேண்டும். அதற்காகவே அந்த ஓரத்தில் மட்டும் அறுந்துபோகிற நூலைப் போடுகிறார்கள். நீங்கள் நறுக்கிய துணிச் சீட்டில் அதைத்தான் எழுதியிருக்கிறது.

அந்த டாக்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். அவர் அந்த சீட்டில் உட்காரக் கூடாது. கம்பெனிக்குக் கொண்டுபோய்த்தான் சரி செய்ய வேண்டுமாம், நீங்களே பிரித்துத் திரும்பத் தைத்தாலும் ஆகாது.

வீட்டுக்கு வந்து அவருடைய காகிதங்களைத் தேடி எடுத்தேன். கார் வாங்கியபோது கொடுத்த புத்தகம் பீரோவில் இருந்தது. அதிலும் போட்டிருக்கிறது. முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு. அவர் சீட்டிலும் இருந்திருக்கிறது.

இருந்தும் வரவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி முன்பணம் கட்டப் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். அவர் கார் சீட்டின் அந்த ஓரத்தில் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்குச் சரியாக நினைவிருக்கிறதா? தைத்தவர் நீங்கள்தானே.


மார்ச் 28

மருமகளுக்கு,

டாக்டரம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் காரைத் தன் ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திவிட்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்.

நீ அந்தக் காரையே வாங்கிக்கொள். நான் குறுக்கே நிற்கவில்லை. வயசாகிவிட்டது, எனக்கு என்ன தெரியும். மான்தலைக் கார் நல்ல கார்தான், ஊரெல்லாம் சொல்கிறது. பணம் போதாவிட்டால் என் வளையல் இரண்டு இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன். யாரும் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

நீ கேட்டது சரியாக நினைவில்லை. எத்தனையோ வண்டிக்குத் தைக்கிறேன். எதில் என்ன போட்டேன் என்று யாருக்கு நினைவிருக்கும். போன கடிதத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அது பெருமைக்கு எழுதியது.

சீக்கிரம் முன்பணம் கட்டிவிடு. தள்ளிப்போடாதே.

அத்தை


ஏப்ரல் 1

அத்தைக்கு,

நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் ஒன்றாம் வகுப்பில் தூக்கிப் போன பைக்கு நீல நூல் தீர்ந்துபோய்ப் பாதியில் கறுப்பு நூல் போட்டதை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். வாசலில் ஒரு கார் போனால் "அந்த சீட்டு நான் தச்சது, ஓரப் பைப்பிங்ல ஒரு இடம் கோணல்" என்று சொல்கிறவர் நீங்கள்.

ஒரு மாதமாக அந்தக் காரை வாங்காதே என்றவர், ஒரே கடிதத்தில் வாங்கு என்கிறீர்கள். வளையலும் தருகிறேன் என்கிறீர்கள். எதற்கு?

முன்பணத்தைப் பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதற்குள் உள்ளதை எழுதுங்கள். இல்லையென்றால் இனி எழுத வேண்டாம். குட்டியைப் பார்க்கவும் வர வேண்டாம்.


ஏப்ரல் 6

மருமகளுக்கு,

எழுதுகிறேன்.

உன் மார்ச் இருபத்திரண்டாம் தேதிக் கடிதம் கடைக்குத்தான் வந்தது. மிஷின் மேலே வைத்துப் படித்தேன். "நீங்கள் நறுக்கிய துணிச் சீட்டில்" என்ற இடம் வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அதற்கு மேல் நீ எழுதியிருந்ததை மறுநாள்தான் படித்தேன்.

கார் வாங்கின மூன்றாம் வாரம் குட்டி பின்சீட்டில் வாந்தி எடுத்தாள், நினைவிருக்கும். அவன் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். கடை லீவு, சாவியை முதலாளியிடம் வாங்கி வைத்திருந்தேன். முதலாளி கணக்கில் இல்லாமல் என் பிள்ளைக்கு என் கையால் தைக்க வேண்டும் என்று ஆசை. நல்ல ரெக்சினாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தேன். அவன் உறையை இழுத்துப் பிடித்துக்கொள்ள நான் தைத்தேன். முதலில் ஓட்டுகிறவர் சீட்டு. அவன்தான் அந்தத் துணிச் சீட்டை முதலில் பார்த்தான். "அம்மா, இதுல என்னமோ எழுதியிருக்கு, கொஞ்சம் இரு" என்றான். நான், "கம்பெனி பேருடா. சட்டைக் காலர்ல இருந்தா நீ வெட்டச் சொல்ல மாட்டியா?" என்று சொல்லிக் கத்தரியைப் போட்டேன். அவன் குனிந்து படிப்பதற்குள் போட்டுவிட்டேன். "நீ சொன்னா சரி, சீட்டு டாக்டர்" என்று சிரித்தான்.

அப்புறம் அந்த ஓரத்தை மூன்று ஓட்டம். நைலான் நூல், தடித்த ஊசி. பிள்ளை தினம் ஏறி இறங்குகிற பக்கம், தேயக் கூடாது என்று.

நினைவில்லை என்று எழுதியது பொய். உன் கையில் மான்தலைக் கார் வந்துவிட்டால் நீ பழைய காரைப் பற்றி நினைக்க மாட்டாய், கேட்க மாட்டாய் என்று எழுதினேன். வளையல் தருகிறேன் என்றதும் அதற்குத்தான். வாயை அடைக்கப் பார்த்தேன். கடிதத்தைப் பெட்டியில் போட்ட கையோடு திரும்ப எடுக்க முடியுமா என்று அங்கேயே நின்றேன். எடுக்க முடியவில்லை.

நிச்சயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பழைய வண்டி உடைக்கிற இடத்தில் அதே சீட்டு ஒன்று கேட்டு வாங்கினேன். அன்று போட்ட மாதிரியே மூன்று ஓட்டம் போட்டேன். மாஸ்டரும் பக்கத்துக் கடை வெல்டரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ரெக்சின்தான் கிழிந்தது. தையல் விடவில்லை. மாஸ்டர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "போதும்மா" என்றார். என் வாழ்நாளில் என் தையலை நான் அப்படிப் பார்த்ததில்லை.

முதலாளியிடம் சொன்னேன். ஏர்பேக் இருக்கிற வண்டிக்கு இனி அந்த ஓரத்தைத் திறந்து விட்டுத்தான் தைப்பேன், பழைய ஆட்களையும் கூப்பிட்டு உறையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றேன். டாக்டரம்மா சீட்டை மாற்றிய செலவை ஏற்கெனவே அவர் கொடுத்திருந்தார், அந்தக் கோபம் வேறு. "உன் வீட்டுச் சாவைக் கொண்டாந்து என் கடை வாசல்ல கட்டாத" என்றார். இருபது வருஷம். பாபின் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இப்போது எனக்குத் தெரிந்த வண்டிக்காரர்கள் வீடு வீடாகப் போகிறேன். சிலர் பிரிக்க விடுகிறார்கள். சிலர், கிழவிக்குப் பிள்ளை போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள்.

இனி உனக்கு. அவன் மலிவு வண்டி வாங்கவில்லை. நல்ல வண்டிதான் வாங்கினான், எல்லாம் பார்த்துத்தான் வாங்கினான். அதில் இருக்க வேண்டியது இருந்தது. நான் தைத்து மூடினேன். அவன் மலிவு வண்டி வாங்கியதால் செத்தான் என்று நினைத்து நீ மொத்தப் பணத்தையும் மான்தலைக்குக் கொடுக்கப் போகிறாய். அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எந்தக் கார் வாங்கினாலும் சீட்டுக்கு உறை போடாதே. குட்டி வாந்தி எடுத்தால் துடைத்துக்கொள்ளலாம்.

உன்னைக் கூப்பிடப் போய்த்தான் போனான் என்று வீடு நிறைய ஆளை வைத்துச் சொன்னேன். நான் உன்மேல் போட்டது என்னுடையது.

குட்டியைப் பார்க்க வரவில்லை. நீ சொல்லிவிட்டாய், அது சரி.

அத்தை


ஏப்ரல் 23

அத்தைக்கு,

பன்னிரண்டாம் தேதி போய்விட்டது. முன்பணம் கட்டவில்லை.

எனக்கு மார்ச் இருபத்திரண்டாம் தேதியே தெரியும். ஷோரூமில் விற்பனையாளர் மறுபடி வாசியுங்கள் என்றபோது நான் வாசித்தது உங்களுடைய "மூன்று ஓட்டம்" வரிதான். வாசித்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். தெரிந்துகொண்டுதான் உங்களிடம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா என்று பார்க்க நினைத்தேன். நினைவில்லை என்ற கடிதம் வந்த அன்று உங்களை அடியோடு வெறுத்தேன். அடுத்த கடிதம் வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெறுத்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

விபத்து வண்டிகளை ஆராய்கிற அதிகாரி ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். படங்களைப் பார்த்தார். லாரி வந்த வேகத்துக்குப் ஏர்பேக் திறந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்கவும் கூடும் என்றார். நான் மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவர் மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். உங்களுக்கு ஆறுதலாக இதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று சாயங்காலம் மழை. பஸ் இருந்தது. அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. "ஒரு நாள்தான் வந்து கூட்டிட்டுப் போயேன், என்ன குறைஞ்சிடும்" என்று நான்தான் போனில் சொன்னேன். நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னாலேயே நான் அதை எனக்குச் சொல்லியாகிவிட்டது. அதனால்தான் அது அப்படிச் சுட்டது. உங்கள் ஏப்ரல் ஆறாம் தேதிக் கடிதத்தைப் படித்ததும் ஒரு மணி நேரம் எனக்கு லேசாக இருந்தது. நான் இல்லை, நீங்கள்தான் என்று. டயாலிசிஸ் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவருக்கு ஊசி குத்திக்கொண்டே அந்த லேசை அனுபவித்தேன். அப்புறம் நீங்கள் அந்த சீட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. இரண்டு தடவை எழுதி அடித்தேன். அது பொய்யாக இருக்கிறது.

கார் வாங்கிவிட்டேன். மான்தலை இல்லை. ஒரு தலைக்காக இரண்டு மடங்கு கொடுக்க இனி எனக்குக் காரணம் இல்லை. அவர் ஓட்டிய அதே கார், நிறம் மட்டும் வேறு. இரண்டு வருடம் ஓடியது, ஒரு ஆசிரியை வைத்திருந்தார். மோதிப் பார்க்கிற மதிப்பெண்ணையும் பார்த்தேன், மான்தலையைவிட அரைப்புள்ளிதான் குறைவு. பாக்கிப் பணத்தைக் குட்டி பெயரில் போட்டுவிட்டேன். அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார், இல்லையென்றால் நான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆசிரியை சீட்டுகளுக்கு உறை போட்டிருக்கிறார். யார் தைத்ததோ, சுற்றிலும் இழுத்துக் கெட்டியாகத் தைத்திருக்கிறது. விற்ற கடைக்காரர் கிழித்துப் போடுகிறேன் என்று கத்தியை எடுத்தார். வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். உள்ளே இருக்கிற அசல் தையலில் கத்தி முனை பட்டுவிடக் கூடாது. படாமல் பிரிக்க எனக்குத் தெரிந்த கை ஒன்றுதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். முதல் பஸ் பிடித்தால் பத்து மணிக்கு வந்துவிடலாம். குட்டியை அண்ணியோடு வெளியே அனுப்பிவிடுகிறேன், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவாள். அதற்குள் பிரித்து முடித்துவிடுவீர்களா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் அவள் காத்திருப்பாள்.

கார் வந்து ஐந்து நாள் ஆகிறது. சாவியைப் போட்டு எஞ்சினை ஓட விட்டுவிட்டு அணைத்துவிடுகிறேன். கேட்டைத் தாண்ட முடியவில்லை. அண்ணனிடம் இதைச் சொல்ல முடியாது, சிரிப்பார். பிரித்து முடித்ததும் நீங்கள் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். குட்டி ஏறுவதற்கு முன்னால் நான் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். எதுவும் பேச வேண்டாம். உட்கார்ந்தால் போதும்.